நம்பர் கேட்டியே தம்பி

தம்பி,

நல்லா இருக்கியாப்பா. மருமகளும் குட்டிப்பயலும் நல்லா இருக்காங்களா. வாட்ஸ்அப்ல மூணு தடவ கேட்டுட்ட, தாத்தா ரைபிள் நம்பர் என்னாச்சு என்னாச்சுன்னு. ஒரு தடவ லைசென்ஸ் புக்க கரையான் அரிச்சிருச்சுன்னேன், இன்னொரு தடவ பீரோ சாவிய உங்கம்மா எங்கயோ வச்சுட்டான்னேன், மூணாவது தடவ ப்ளூ டிக் விழுந்தும் பதில் போடல. அதான் இப்ப உக்காந்து பெருசா டைப் பண்றேன். போன்ல சொல்ல முடியாது, உங்கம்மா பக்கத்துலயே இருப்பா, ஸ்பீக்கர்ல போடுன்னுவா.

இங்க ஒண்ணும் விசேஷமில்ல. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு, எண்ணெய் தேய்க்கிறா. காப்பிக்கு வெல பரவால்ல, பறிக்க ஆள்தான் கெடைக்கல. கீழ்த்தோட்டத்து மலவாழைல திரும்ப முடிக்கொத்து நோய் வந்து பாதிய வெட்டிப்போட்டாச்சு, மீதிய காட்டுமாடு வந்து மிதிச்சிட்டுப் போயிருச்சு.

போன ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல வந்தீல்ல, நீ பேசுனது எதுவும் என் காதுல ஏறல. உனக்குப் பின்னாடி செவுத்துல நாலு துப்பாக்கி தொங்குது, அதுக்கு நேர் கீழ சோபா, சோபா மேல பேரன் ஏறி நின்னு குதிக்கிறான். நீ பாட்டுக்கு இது 1894 மாடல்பா, இது முப்பது முப்பதுப்பா, இத ஏலத்துல எடுத்தேன்பான்னு காட்டிக்கிட்டிருக்க, நான் அவன் கை எங்க இருக்குன்னே பாத்துக்கிட்டிருந்தேன். இன்னும் ஒரு வருஷத்துல எட்டிருவான். நம்ம வம்சத்துல எல்லாமே சீக்கிரம் வளந்துரும்.

நீ செய்யிறது எனக்குப் பெரும இல்லன்னு நெனைக்காத. கடவீதில நாலு பேருகிட்ட சொல்லியாச்சு. எங்கய்யா வச்சிருந்த மாதிரி வின்செஸ்டர் கம்பெனி 1895 மாடல், 405 போர் அளவு ரைபிள் ஒண்ண எம்மகன் டெக்சாஸ்ல தேடுறான், அமெரிக்க பிரசிடெண்ட் ரூஸ்வெல்ட்டு 1909ல ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனப்ப கொண்டுபோன அதே ரகம்னு நீ சொன்னத நானும் எடுத்து விட்டேன். யெல்லோஸ்டோனுக்குப் புள்ளைய சுத்திக்காட்டப் போனவன், வழியில கோடிங்கிற ஊர்ல மியூசியத்துல எறங்கி நாள் பூரா நின்னேன்னியே, நம்பரக் குடுத்தா அந்தத் துப்பாக்கி கம்பெனி குடோன விட்டு எந்தத் தேதி வெளிய போச்சுன்னு பழைய பேரேட்டப் பாத்து லெட்டரே தருவாங்க, ஆனா எல்லா நம்பருக்கும் கணக்கு இல்ல, ஆரம்ப கால நம்பருக்குத்தான்னு. அதையும் சொன்னேன். டீக்கடைல யாரும் நம்பல. 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கின்னா உங்க ஊரு மத்திய அரசு சட்டப்படி அது ஆண்ட்டிக், லைசென்ஸ்காரன்கிட்டதான் வாங்கணும்னு இல்லன்னும் சொன்னேன், அதுக்கு சிரிச்சே சிரிச்சாங்க. இங்க ஒரு ஒத்தக்குழலுக்கு தாசில்தார் ரிப்போர்ட்டு, போலீஸ் ரிப்போர்ட்டு, திண்டுக்கல்லுக்கும் மலைக்குமா எத்தன நட, எலெக்சன் அறிவிச்சா தூக்கிட்டுப் போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வரணும்.

ஆனா பெரும வேற, பூட்டு வேற. செவுத்துல மாட்டாத தம்பி. சேஃப் வாங்கு. வாங்கிட்டேன், கராஜ்ல இருக்குன்னு சொன்ன, அப்ப ஏன் செவுத்துல தொங்குது? தோட்டா ஏத்தி எறக்க லீவர் வச்ச துப்பாக்கிக்கு விசைல மாட்டுற பூட்டு சரியா ஒக்காராது, லீவரக் கீழ எறக்கி, தெறந்த எடத்து வழியா கம்பிவடத்த விட்டுப் பூட்டுறதுதான் சரி. தோட்டா வேற ரூம்ல, வேற சாவில. சாவி உங்கிட்ட மட்டும். வந்தவங்களுக்குக் காட்டுறப்ப காலித் துப்பாக்கியத்தான் காட்டணும், காட்டி முடிச்சதும் மறுபடி தெறந்து வெரல விட்டுப் பாக்கணும். காலின்னு யாராச்சும் சொன்னா நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத.

அவ்ளோ காசு போட்டு வாங்குறியே, அதுல பாதியில அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போய் முட்டிக்குக் காட்டியிருக்கலாம். சரி விடு, அத இன்னொரு நாள் பேசுவோம்.

தாத்தாவுக்கு அந்த ரைபிள் வந்த கதைய உன் பிரண்டுகிட்ட இங்கிலீஷ்ல சொன்னியே, அதுல ஒரு தப்பு இருக்கு. வெள்ளக்கார தொர குடுத்ததில்ல. அமெரிக்க மிஷன் பாதிரி. அவங்க ஆளுங்க 1845லயே கோடைக்கானல்ல வீடு கட்டி ஒக்காந்தவங்க, மதுரை வெயில் தாங்காம வந்தவங்க. அந்தப் பாதிரி ஊருக்குத் திரும்பறப்ப தாத்தாகிட்ட முன்னூறு ரூவாயும் ரெண்டு மூட்ட காப்பிக்கொட்டையும் வாங்கிட்டுக் குடுத்தாரு, கூட ஒரு பொட்டி தோட்டா. இருவது. அதுல தாத்தா எத்தன சுட்டாரு, ஓடக்கரைல என்ன நடந்துச்சு, பெரியப்பா ஏன் மரத்த விட்டு எறங்கலங்கிறதெல்லாம் உனக்கே தெரியும். 72ல வனவிலங்கு சட்டம் வந்ததும் தாத்தா தொடச்சு எண்ணெய் போட்டு மாட்டுனவருதான், அப்பறம் ஒரு முயல்மேல கூட நீட்டல. அவரு போறப்ப பொட்டில அஞ்சு தோட்டா பாக்கி இருந்துச்சு. எண்ணி என் கைலதான் குடுத்தாரு.

இப்ப நான் சொல்ல வந்தத சொல்லிடறேன், இல்லாட்டி இதையும் அழிச்சிருவேன், நேத்து ரெண்டு தடவ அழிச்சிட்டேன்.

நீ எங்க போனாலும் ஒரு கத சொல்லுவ, காலித் துப்பாக்கியத் தொட்டதுக்கு பெல்ட்டடி வாங்குன ஒரே ஆளு நான்தான்னு. தங்கச்சி கல்யாணத்துலயும் சொன்ன, சம்பந்தி வீட்டுக்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

அது காலி இல்ல தம்பி.

90ல, நீ ஒண்ணாப்பு. அன்னைக்கி பட்டிவீரன்பட்டில இருந்து காப்பி யாவாரி வந்திருந்தாரு. அவருகிட்ட பெரும அடிக்கணும்னு ரைபிள எடுத்துட்டு வந்து திண்ணைல கட்டில்ல ஒக்காந்து, லீவர் எப்படி வேல செய்யும், தோட்டா எப்படி ஏறும்னு காட்டுனேன். வெறும லீவர ஆட்டிக் காட்டியிருக்கலாம், ஆனா எனக்கு நெசத் தோட்டாவே வேணும். அவரு அடேங்கப்பான்னாரு. குதிரைய, அதான் தோட்டாவ அடிக்கிற சுத்திய, மெதுவா பாதிக்கு எறக்கி வச்சேன், அதுக்குள்ள லாரி வந்துருச்சு, மூட்ட எட போடணும்னு எந்திரிச்சுப் போயிட்டேன். அவ்ளோதான். வேற காரணமே கெடையாது.

திரும்பி வந்தப்ப நீ பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்க, பைகூட எறக்கல, கட்டில்ல குப்புறப் படுத்து ரெண்டு கட்டவெரலையும் குதிரைல வச்சு அழுத்திக்கிட்டிருக்க. குழல் தூளியப் பாத்து இருந்துச்சு. தூளிக்குள்ள தங்கச்சி தூங்கிட்டு இருந்தா. எட்டிப் பிடுங்கி லீவரத் தள்ளுனேன், தோட்டா கட்டில்ல விழுந்துச்சு, எடுத்து மடில சொருகிட்டேன். நீ பாக்கல, நீ என் மூஞ்சியத்தான் பாத்த. அப்பறம் பெல்ட்ட எடுத்தேன். அப்பத்தா ஓடியாந்து தோட்டா கீட்டா இருந்துச்சாடான்னு கேட்டுச்சு, இல்ல காலின்னேன். அப்ப எதுக்குடா புள்ளைய இந்த அடி அடிக்கிறன்னு கேட்டுச்சு. அதுக்கு நான் பதில் சொல்லல. நான் அடிக்க அடிக்க நீ காலிதானப்பா காலிதானப்பான்னு கத்துன, நான் சொன்ன வார்த்தைய வச்சே நீ கெஞ்சிக்கிட்டு இருந்த.

அன்னைக்கி ராத்திரி பூரா எனக்கு நானே சமாதானம் சொன்னேன், அது பாதிரி காலத்துத் தோட்டா, மழையில மஞ்சுல எத்தன வருஷம் கெடந்துச்சு, செத்துப் போயிருக்கும்னு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி ஓடைக்குக் கொண்டுபோய் மண்மேட்டப் பாத்து அதே தோட்டாவப் போட்டு அடிச்சேன்.

வெடிச்சிருச்சு தம்பி. நீ எந்திரிச்சு என்ன சத்தம்னு கேட்டியாம், அம்மா பாறைக்கு வெடி வைக்கிறாங்கன்னு சொல்லியிருக்கா. அவளுக்கு இன்னவரைக்கும் அது பாறை வெடிதான். மீதி நாலையும் அப்பறம் கொஞ்ச நாள்ல தண்ணில போட்டேன், அது சரியான்னு கேக்காத.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 2019 கடைசில ஆயுத சட்டத்த மாத்துனாங்கல்ல, ஒருத்தருக்கு மூணு இருந்தது இனிமே ரெண்டுதான், மூணாவத ஒரு வருஷத்துக்குள்ள ஒப்படைக்கணும்னு. உங்கிட்ட நான் சொன்னது என்ன, சட்டம் வந்துச்சு, ரைபிளக் குடுக்க வேண்டியதாப் போச்சுன்னு. நீ கூட ரெண்டு நாள் அரசாங்கத்த திட்டுன. ஆனா எத வச்சுக்கணும் எதக் குடுக்கணும்னு என்ன யாரும் கட்டாயப்படுத்தல. எதுங்க குடுக்குறீங்கன்னுதான் கேட்டாங்க. ரெட்டக்குழல் பன்னிக்கு வேணும், சரி. அந்த கான்பூர் 32 ரிவால்வர், நான் பந்தாவுக்கு வாங்குனது, ஒரு தடவகூட சுடாதது, அதக் குடுத்திருக்கலாம். நான்தான் ரைபிளக் கை காட்டுனேன். தாத்தா நெனப்பா இருந்த ஒரே பொருளு. அத வீட்டவிட்டு அனுப்ப ஒரு சாக்கு வேணும்னு முப்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன், சட்டம் வந்து குடுத்துச்சு. அது போன அன்னைக்கித்தான் நல்லா தூங்குனேன். நீ இப்ப என்னடான்னா அதே ரகத்த காசு குடுத்து வாங்கி உன் வீட்டு செவுத்துல மாட்டப் போறேங்கிற.

வாங்காதன்னு சொல்லல. சொன்னா நீ கேக்கவும் மாட்ட, என்னப் போலத்தான நீயும். வந்தவங்ககிட்ட எடுத்துக் காட்டறப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு அன்னைக்கி வீடியோல பாத்தேன், அது என் மூஞ்சி தம்பி. திண்ணைல ஒக்காந்து யாவாரிக்குக் காட்டுன அதே மூஞ்சி.

லைசென்ஸ் புக்க கரையான் அரிக்கல. பீரோ சாவியும் தொலையல. நம்பர் எனக்கு மனப்பாடமாவே தெரியும், ஒவ்வொரு எலெக்சனுக்கும் ரசீதுல எழுதி எழுதி. ஆனா இப்பத் தர மாட்டேன். செவுத்துல இருக்கறத எல்லாம் எறக்கி, சேஃபுல வச்சு, கதவச் சாத்துன போட்டோ ஒண்ணு அனுப்பு. தெறந்த போட்டோ ஒண்ணு, சாத்துன போட்டோ ஒண்ணு. தோட்டா எங்க இருக்குன்னு தனியா ஒண்ணு. வந்த நிமிஷம் நம்பர் அனுப்பறேன், அந்தக் கோடி ஊரு மியூசியத்துக்கு எழுதிப் போட்டு லெட்டர் வாங்கிக்க, வந்தா எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, பிரேம் போட்டு தாத்தா படத்துக்குக் கீழ மாட்டறேன்.

அந்த அடிய நெனச்சு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். தங்கச்சிகிட்ட சொல்லணுமா வேணாமான்னு நீயே முடிவு பண்ணு, எனக்குத் தெரியல.

இதப் படிச்சதும் போன் பண்ணாத, அம்மாதான் எடுப்பா. காலைல பம்ப்செட்டுப் பக்கம் போறப்ப நானே கூப்புடறேன், அங்க டவர் கெடைக்கும்.

அப்பா