பிராடோவுக்கு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் வந்தன. கதீட்ரல் சதுக்கம், பிளாசா வியெஹா, புதுச் சாயம் பூசிய பால்கனிகள். அழகுதான் கண்ணு. ஆனால் ஹவானாவுக்குப் போய் ஒரு மாதமாகியும் நீ பழைய நகரத்தை விட்டு வெளியே நடக்கவில்லை என்று தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஞாயிறு வெயில் ஏறுவதற்குள் பிராடோ சாலையைத் தாண்டி மேற்கே போ. பிராடோவுக்குச் சற்று முன்னால்தான் ஒரு காலத்தில் பழைய நகரத்தைச் சுற்றிய கோட்டைச் சுவர் நின்றது. 1863-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இரவு 9 மணிக்கு கபானா கோட்டையில் பீரங்கி வெடிக்கிறதே, அது அந்தச் சுவரின் கதவுகளை அடைப்பதை ஊருக்குச் சொன்ன வெடி. கதவு போயும் வெடி நிற்கவில்லை.

அங்கிருந்து சென்ட்ரோ ஹவானா. பழைய மாளிகைகளை அறை அறையாகப் பிரித்துப் பல குடும்பங்கள் இருக்கும். கூரை மிக உயரம், அதனால் நடுவே பலகைத் தளம் போட்டு மேலே இன்னோர் அறை எடுத்துக்கொள்வார்கள். 'பார்பகோவா' என்பார்கள். ஜன்னலின் பாதியில் அந்தத் தளம் குறுக்கே போவது தெருவிலிருந்தே தெரியும். எனக்கு அந்தச் சதுக்கங்களைவிட இந்த ஜன்னல்கள்தான் ஹவானா. கேட்காமல் படம் எடுக்காதே, அது அவர்கள் வீடு. மழை பெய்த மறுநாள் பழைய பால்கனிகளுக்குக் கீழே நடக்கவும் வேண்டாம்.

அப்புறம் பாரியோ சீனோ, அதாவது சீனர் பேட்டை. 1847-இலிருந்து முப்பது வருஷத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர்களை எட்டு வருஷ ஒப்பந்தத்தில் கரும்பு வேலைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஊர்களிலிருந்து இலங்கைக்கும் மொரீஷியஸுக்கும் ஆட்களைக் கப்பலேற்றியதும் அந்தக் காலத்தில்தான். இருபது வருஷம் முன்பு வேலையாக வந்து அந்தத் தெருவில் நின்றபோது, கண்டிக்குப் போய்த் திரும்பாத உன் பாட்டி வழி முன்னோர்தான் நினைவில் வந்தார்கள்.

சரி, அங்கிருந்து வெடாடோவுக்கு டாக்ஸி பிடி. லினேயா சாலையில் ஒரு கரிய தூண் நிற்கும், கியூப விடுதலைப் போரில் சண்டையிட்ட சீனர்களுக்காக எழுப்பியது. "கியூபச் சீனர்களில் ஓடிப்போனவர் ஒருவரும் இல்லை, துரோகி ஒருவரும் இல்லை" என்று ஸ்பானிஷில் பொறித்திருக்கும். எனக்கு அப்போது ஒருவர் பொருள் சொன்னார். உனக்குத்தான் இப்போது ஸ்பானிஷ் வருகிறதே, அதன் முன்னால் நின்று எனக்கு போன் செய்து சத்தமாகப் படி. இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

தண்ணீர் எடுத்துப் போ.

அன்புடன்,
அப்பா