மான்மயிரில் ஒரு தவளை

கல்லடி,
பங்குனி 20

அன்பின் மச்சானுக்கு,

நலம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பெரும்போக வெட்டு முடிந்துவிட்டது. படுவான்கரைப் பக்கம் போனால் வைக்கோல் மணமும் புழுதியும்தான். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னா.

சரி, செய்திக்கு வருகிறேன். போன ஆடியில் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்தபோது ஒரு பொதி மான்மயிர் தந்துவிட்டுப் போனாயே, அதில் தூண்டிலுக்கு நான் கட்டிய பொய்த்தவளையைப் போன ஞாயிறு உன்னிச்சைக் குளத்தில் விரால் எடுத்தது.

சின்ன வயதில் இதே விராலுக்கு உயிர்த்தவளை குத்திப் போட்டோம், ஞாபகம் இருக்கும். வாய்க்காலில் பிடித்துச் சிரட்டைக்குள் மூடி வைப்போம். தொடையில் தூண்டில் முள் ஏறும்போது அது மற்றக் காலால் என் பெருவிரலை உதைக்கும். அந்த உதை இன்னும் என் கையில் இருக்கிறது. நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய், எல்லாத் தவளையையும் நான்தான் குத்தினேன். இவ்வளவு பாடுபட்டு மயிரில் தவளை கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மயிர் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்திருக்கிறாயா? உள்ளே முழுக்க நுண்ணிய காற்றறைகள். குளிர்காலத்துக்கென்று மானுக்கு வளர்கிற மயிர் அது. உங்கள் கனடாப் பனியில் மானுக்குச் சூடு காத்த அந்தக் காற்றுதான் இங்கே குளத்துத் தண்ணீரில் என் தவளையை மிதக்க வைக்கிறது. நூலை இறுக்கினால் அந்த இடத்தில் அறைகள் நசுங்கி, மயிர் மடிந்து இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும். ஒரு பென்சில் தடிப்புக்கு மயிரை வெட்டி எடுத்து, அடியில் இருக்கும் பஞ்சை பேன்சீப்பால் வாரிவிடுவேன். முள்ளின் தண்டில் வைத்து நூலை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி, மறுகா மெல்ல இழுப்பேன். மயிர் தண்டைச் சுற்றி ஓடிக் குஞ்சமாய் நிமிரும். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த நேரம் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருப்பேன்.

தொடக்கத்தில் தண்டு முழுக்க நூல் சுற்றி வைத்திருந்தேன், மயிர் சுழலவே இல்லை. அது வெறுந்தண்டில்தான் நன்றாய்ச் சுழலும். முதுகு பச்சை, வயிறு வெள்ளை என்று நிறம் பிரித்துக் கட்டும்போது மட்டும் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டு வைத்ததும் வெற்றுப் பேனைக் குழலால் பின்னுக்குத் தள்ளி நெருக்கி, அடுத்த கட்டு. இப்படி ஒன்பது. அப்புறம் கேத்தல் ஆவியில் காட்டினால் மயிரெல்லாம் நிமிர்ந்துவிடும். சவர பிளேட்டைப் பாதியாக ஒடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் வளைத்துப் பிடித்துச் செதுக்குகிறேன். வயிற்றை ஒட்ட வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முள்ளின் வாய் அடைபட்டு விரால் கடித்தாலும் ஏறாது. ஒட்ட வெட்டப் போய் இரண்டு தவளைக்கு நூலையே வெட்டிவிட்டேன். மூன்று மணித்தியால வேலை மடியில் கொட்டிப்போனது.

தலையை வெட்டுவது லாரி டால்பேர்க் என்ற அமெரிக்கரின் முறை. முன்பக்கம் கூம்பு, அதன் பின்னால் ஒரு விளிம்பு. இழுத்தால் முங்கும், விட்டால் மேலே வரும். தவளையும் அப்படித்தானே போகிறது! சுழற்றிய மான்மயிரில் தலை வைப்பது பழைய வேலைதான். உன் ஒன்ராறியோவின் நிப்பிகன் ஆற்றில் டொன் கேப்பன் என்பவர் 1930களிலேயே மட்லர் மின்னோ என்ற பொய்யிரையை அப்படிக் கட்டினார். ஆற்றடியில் கிடக்கும் பெருந்தலைச் சிறுமீனைப் பார்த்துக் கட்டியது அது. அந்தப் பக்கம் போனால் எனக்காக ஆற்றை ஒருதரம் பார்த்துவிட்டு வா.

படம் எடுக்கத் தொடங்கியது உனக்குக் காட்டத்தான். ஆனால் கட்டுவதில் பாதியைப் படம்தான் எனக்குச் சொல்லித்தந்தது. கிழக்கு ஜன்னலில் அப்பாவின் பழைய வேட்டியைக் கட்டிவிட்டால் காலை வெயில் பால் மாதிரி இறங்கும். மறுபக்கம் ஒரு வெள்ளை மட்டை, பின்னால் சாம்பல் மட்டை. கமரா முக்காலியில். மின்விசிறியை நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் மயிர்நுனி ஆடி மங்கிவிடும். கிட்டப்போய் எடுக்கும்போது கண் தெளிந்தால் கால் மங்கும். அதனால் தவளையைப் பக்கவாட்டில், லென்ஸுக்கு நேராக வைத்து, வெளிச்சம் புகும் துளையை f/16க்குச் சுருக்கி, இரண்டு விநாடி கழித்துத் தானாகவே எடுக்கும்படி விட்டுவிடுவேன். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கையில் உருண்டையாய் இருந்த தலை இடப்பக்கம் சரிந்திருந்தது. மூன்றாவது கட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு பிளவு, அதற்குள் நூல் வெள்ளையாய்த் தெரிந்தது. அந்தப் பிளவால்தான் தவளை அரை மணித்தியாலத்தில் தண்ணீர் குடித்துத் தாழ்ந்திருக்கிறது. இப்போது பிளேட் வைக்க முதல் ஒரு படம், வைத்த பிறகு ஒரு படம் எடுக்கிறேன்.

ஞாயிறு விடியப்புறம் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வெயில் ஏற முதல் குளக்கட்டுக்குப் போய்விட்டேன். முதலை இருக்கிற குளம், தண்ணீரில் இறங்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது சுளகு அகலத்துக்குச் சிவந்த குஞ்சுக் கூட்டம். தாய் விரால் அடியிலேதான் நிற்கும், தவளையைப் போட்டால் குஞ்சைக் காக்கவென்று பாயும். அதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டுவைக்காது. தடியை மடக்கிக்கொண்டு கட்டோடு வெகுதூரம் நடந்தேன். அங்கே அல்லி இலைகளின் ஓரம். இலைமேல் போட்டு, மெல்ல இழுத்துத் தண்ணீரில் விழுத்தி, ஒருதரம் முங்கவிட்டு நிறுத்தினேன். மேலே வந்து கால் இரண்டையும் விரித்துக்கொண்டு மிதந்தது. நான் பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் வெடித்தது. இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். அம்மா புளியாணம் வைத்தா.

தவளைக்கு ஒரு கண் போய்விட்டது, முதுகில் பல்லுத் தடம். தலை கலையவில்லை.

மயிர் முடிந்துபோகிற நிலைமை. மரைத்தோல் தரட்டுமா என்று ஒரு பொடியன் கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். 1937ஆம் ஆண்டுச் சட்டம் நம் காட்டு விலங்குகளைக் காக்கத்தான் இருக்கிறது, அதை மீறி எனக்கு ஒரு மீனும் வேண்டாம். அங்கே அனுமதியோடு வேட்டையாடிய மானின் தோலைக் கடையில் வாங்கலாம் என்பதால் உன்னிடம் கேட்கிறேன். போன பொதியில் ஒரு துண்டு கால்மயிர், அது விரியவில்லை. வெண்வால் மானின் வயிற்றுப் பக்கத்துத் தடித்த மயிராகக் கேள். வெள்ளை, மஞ்சள், ஒலிவ் பச்சை போதும்.

மூன்று படங்கள் அனுப்புகிறேன்: செதுக்க முதல், செதுக்கிய பின், விரால் கடித்த பின். இரண்டாவதில் இடத்தோளைப் பெரிதாக்கிப் பார்த்து, பிளவு தெரிகிறதா என்று எழுது. உனக்கும் ஒன்று கட்டி, பிஸ்கட் ரின்னுக்குள் பூச்சி உருண்டையோடு வைத்திருக்கிறேன். ஆடிக்கு வருகிறாய்தானே? இந்த முறை தவளையை நீயே முடிந்து போடலாம்.

என்றும் அன்புடன்,
உன் கூட்டாளி