அந்த வீடியோ பத்தியும் நம்ம கேன் ஸ்டவ் பத்தியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளா ஒரு வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு, நிறைய பேர் எனக்கே அனுப்பி "இது நம்ம ஸ்டவ்தானே?"ன்னு கேட்டிருந்தீங்க. ஆமா, நம்மதுதான், மலையேறப் போறவங்க எடுத்துட்டுப் போறதுக்காக குளிர்பான அலுமினிய கேன்ல நாங்க செய்யற குட்டி ஸ்பிரிட் (எரிசாராய) ஸ்டவ். பாத்திரத்துக்கு அடியில கரி அப்பிக் கிடக்கறதையும் நூடுல்ஸ் வெந்தும் வேகாம இருக்கறதையும் காட்டி, "காலி கேன்ல ஓட்டை போட்டு விக்கிறாங்க"ன்னு வீடியோ போட்டவர் சொல்றாரு. தனித்தனியா பதில் போட்டு மாளல, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதறேன்.

காலி கேன்தாங்க, அதை நாங்க என்னிக்கும் மறைச்சதில்ல. ஆனா அந்த கேனோட சுவர் கனமே சுமார் 0.1 மி.மீ. தான், ரெண்டு கேனோட அடியை வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறக்கும்போது கை கொஞ்சம் சாஞ்சாலும் கிழிஞ்சிரும். நடுவுல ஊத்துற ஸ்பிரிட் சூடாகி ஆவியாகி, ரெண்டு சுவருக்கும் இடையில ஏறி துளை வழியா தீயா வரணும், ஒரு துளை பெருசாப் போச்சுன்னா தீ ஒரு பக்கமா இழுக்கும். அதனால ஒவ்வொண்ணையும் எரிச்சுப் பாத்துட்டுத்தான் பேக் பண்றோம். புது ஸ்டவ்வுல உள்ள லேசா கருத்திருக்கே, யாரோ யூஸ் பண்ணதான்னு கேக்கறீங்கல்ல, அது இந்த டெஸ்ட்டோட அடையாளம். ட்ரான்ஜியாங்கற ஸ்வீடன் கம்பெனியோட பித்தளை ஸ்பிரிட் பர்னரும் இதே மாதிரி ஆவியிலதான் எரியுது, அது 110 கிராம் கிட்ட வரும், நம்மது 15 கிராம் சொச்சம்.

இப்ப அந்தக் கரிக்கு வரேன். வீடியோவுல அவர் ஊத்துற பாட்டிலை நிறுத்திப் பாருங்க, காயம் துடைக்கிற 70% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மீதி தண்ணி. அதை ஊத்துனா எந்த ஸ்பிரிட் ஸ்டவ்வா இருந்தாலும் மஞ்சளா எரிஞ்சு கரி கக்கும், கடைசியில தண்ணி அடியில தேங்கி தீ சோந்து போகும். நம்மது எத்தனால் 90 சதவீதத்துக்கு மேல இருக்கற ஸ்பிரிட்டுக்கு செஞ்சது, பெட்டிக்குள்ள வர்ற அட்டையிலயே இருக்கு. அப்புறம் காத்தை மறைக்க ஸ்டவ்வைச் சுத்தி வைக்கிற விண்ட் ஸ்கிரீனை அவர் பேக்லருந்து எடுக்கவே இல்ல, தீ பூரா காத்துல படுத்துக்கிட்டு பாத்திரத்தைத் தொடாமப் போகுது. பத்த வச்ச உடனே பாத்திரத்தையும் ஏத்திட்டாரு, துளைகள்ல தீ வர்ற வரைக்கும் அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ விடணுங்க, குளிர்ல இன்னும் கூட ஆகும்.

முறையா வச்சா 30 மி.லி. ஸ்பிரிட்ல அரை லிட்டர் தண்ணி 8 நிமிஷத்துக்குப் பக்கமா கொதிச்சிரும். கொதிச்சதும் நூடுல்ஸ், காஞ்ச காய்கறி எல்லாம் போட்டு, மூடி, தீயை அணைச்சு, பாத்திரத்தைக் கம்பளித் துணியில சுத்தி 10, 15 நிமிஷம் விட்டீங்கன்னா தானா வெந்துரும், நாள் பூரா நடந்துட்டு வந்து திறக்கும்போது ஆவி முகத்துல அடிக்கும் பாருங்க, அதுக்காகத்தான் இந்தத் தொழிலே செய்யறோம். 3,000 மீட்டர் உயரத்துல தண்ணி 90 டிகிரியிலயே கொதிச்சிரும், அங்க முழுப் பருப்பு வேகலன்னா அது ஸ்டவ்வோட குறை கிடையாது, வீட்லயே வேக வச்சு காய வச்சு எடுத்துட்டுப் போங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். பகல்ல ஸ்பிரிட் தீ கண்ணுக்கே தெரியாது. அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு மேல ஊத்துனா தீ பாட்டிலுக்கே ஏறும். முழுசா ஆறுன பிறகுதான் ஊத்தணும். டென்ட்டுக்குள்ள வச்சு எரிக்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடு வாசனை கூட காட்டாது.

துளை போடுற தம்பி வேற வேலைக்குப் போயிட்டதால ஆர்டர் வர கொஞ்சம் லேட் ஆகும், அடுத்த மாசம் விலையும் கொஞ்சம் மாறும்.

அந்த வீடியோவுக்குக் கீழ போய் நசுங்கிப்போன உங்க பழைய ஸ்டவ் இன்னமும் நீலமா எரியறதை போட்டோ எடுத்துப் போட்டீங்களே, ஒவ்வொண்ணையும் பாத்தேன். ரொம்ப ரொம்ப நன்றிங்க, அந்த வாரம் முழுக்க அதுதான் எங்களுக்கு தெம்பு. வீடியோ போட்ட நண்பரும் இதைப் படிச்சா, ஸ்பிரிட்டை மாத்தி ஸ்கிரீனைச் சுத்தி ஒரு தடவை வச்சுப் பாருங்க, அப்பவும் வேகலன்னா ஸ்டவ்வை திருப்பி அனுப்புங்க, பணத்தை முழுசா குடுத்துடறேன்.

விண்ட் ஸ்கிரீனைத் தொலைச்சவங்க மெசேஜ் பண்ணுங்க, ஸ்டாக் இருக்கு, தபால் செலவு மட்டும் குடுத்தா போதும்.