ஞாயிறு மாலை: பலூனுக்குள் ஓடிய வருஷங்கள்

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு, நம் குழு அழைப்பில் என் காமிக்ஸ் வருஷங்களைப் பற்றிப் பேசுகிறேன்.

கையால் வசனம் எழுதுவதுதான் என் வேலை. 10×15 அங்குல அட்டையில் மெல்லிய பென்சில் கோடு, பிறகு மையில் எழுத்து, கடைசியில்தான் பலூன், அதாவது வசனத்தைச் சுற்றிப் போடும் வளையம். வளையத்தை முதலில் போட்டால் கடைசி வார்த்தைக்கு இடம் இருக்காது. முணுமுணுப்பை ஒருமுறை பொடி எழுத்தில் எழுதியிருந்தேன். அதைக் கவனித்து ஒரு வாசகர் போட்ட கடிதம் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எனக்கு அதுதான் விருது.

ரசிகர் உலகமே கடிதத்தில் பிறந்ததுதானே! 1926-ல் தொடங்கிய ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ் வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. முகவரி கிடைத்ததும் வாசகர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள், சொந்தமாகக் கையச்சு இதழ்கள் போட்டார்கள். 1939-ல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. 1970 ஆகஸ்டில் சான் டியாகோ காமிக்ஸ் மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர். இப்போது லட்சத்துக்கும் மேல்.

உங்களிடம் பழைய ரசிகர் இதழ்கள், மாநாட்டு அடையாள அட்டைகள் இருந்தால் சனிக்கிழமைக்குள் படம் எடுத்து இங்கே போடுங்கள். பென்சில் கோடு அழியாத என் பக்கங்கள் சிலவற்றை நானும் காட்டுகிறேன்.