வாய்க்காலுக்கு மேற்கேயும் ஒரு புதுச்சேரி இருக்கிறது, மகளே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். டிசம்பரில் மாப்பிள்ளையோடும் சம்பந்திகளோடும் புதுச்சேரியில் இரண்டு நாள் தங்கிவிட்டு இங்கே வரப்போவதாகச் சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர் வீடுகள், பிரெஞ்சு உணவகங்கள் என்று அதில் உள்ளவை எல்லாமே, ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் போய் அந்த ஊரில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் ஊரைக் காட்டாமல் சம்பந்திகளை அழைத்து வந்துவிடாதே.

சனிக்கிழமை காலையில் பெரிய மார்க்கெட்டிலிருந்து தொடங்குங்கள். புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று அழைக்கப்படும் அந்தச் சந்தை, நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் மணிக்கூண்டோடு நிற்கிறது. தீபாவளித் துணி எடுக்க என்னைச் சிறுவயதில் அங்கே அழைத்துப்போன உன் தாத்தா, நேரு வீதியைக் கடைசி வரை துய்ப்ளேக்ஸ் வீதி என்றே சொல்லிவந்தார். மல்லிகையும் கனகாம்பரமும் குவிந்து கிடக்கும் பூக்கடைகளைத் தாண்டி மீன் பகுதிக்குப் போனால், கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து விலை சொல்லும் பெண்களின் குரலிலேயே அந்த ஊரின் தமிழ் எப்படிப்பட்டது என்பது உனக்குப் புரியும். ரங்கப்பிள்ளை வீதியில், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கீழே நம்மூர் மரத்தூண்களும் மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்களுமாகக் கட்டப்பட்ட அந்த வீட்டின் எதிரே நின்று, மாப்பிள்ளைக்கு அந்த நாட்குறிப்பைப் பற்றிச் சொல்.

அங்கிருந்து வைசியாள் வீதிக்குப் போங்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, அதற்கும் உள்ளே வானம் பார்த்த முற்றம் என்று வெயிலையும் மழையையும் அறிந்து கட்டிய தமிழ் வீடுகள் அங்கே வரிசையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கே வெள்ளையர் பகுதியில் உயர்ந்த மதிலும் மூடிய கதவும்தான் வழிப்போக்கருக்குத் தெரியும். இங்கே வழிப்போக்கர் உட்கார்ந்து போவதற்கென்றே வீட்டின் முன்பகுதியைக் கட்டியிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான் இரண்டு பக்கமும் நடக்கச் சொல்கிறேன். ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடும், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் நினைவில்லங்களாக உள்ளன. 1908 முதல் 1918 வரை பாரதிக்கு அடைக்கலம் தந்த ஊர் என்பதால், நான் பட்டியல் போட்டிருந்தால் கடற்கரைக்கு முன்பே அந்த வீட்டைத்தான் எழுதியிருப்பேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அதிகம் அலைய வேண்டாம். நேரு வீதியில் சைவ உணவகங்களும் இந்தியன் காபி ஹவுஸும் இருக்கின்றன. மாப்பிள்ளைக்கு மீன் குழம்பை அம்மா இங்கே வைத்துத் தருவாள். கிறிஸ்துமஸ் காலம் என்பதால் ரவையும் வெண்ணெயும் உலர்பழமும் ரம்மும் சேர்த்துச் செய்யும் விவிக்கம் கேக் கிடைக்கும். அதில் முட்டையும் உண்டு என்பதைச் சம்பந்தி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவர் அறியாமல் சாப்பிட்டுப் பிறகு வருந்தக் கூடாது.

மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பதால், சம்பந்தி அம்மாவின் முழங்கால் வலிக்கு அதுவே நல்ல நேரம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. அருகில் 1836ஆம் ஆண்டின் பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மணக்குள விநாயகர் கோயிலுக்கும் போங்கள். ஆனால் கண்ணு, லட்சுமி இப்போது அங்கே இல்லை. நீ உள்ளங்கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு பயந்து பயந்து நீட்டுவாயே, அந்த யானை 2022 நவம்பரில் நடைப்பயிற்சியின்போது விழுந்து இறந்துவிட்டது. ஊரே அழுதது, நானும் அழுதேன்.

ஞாயிறு காலை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளையும் ரோமானியச் சாடித் துண்டுகளையும் பார்த்துவிட்டு, மகாத்மா காந்தி சாலையின் சண்டே மார்க்கெட்டுக்கு வாருங்கள். துணியும் பாத்திரமும் அங்கே மலிவு. பரிசுப் பொருள் வேண்டுமென்றால் வில்லியனூர்ச் சுடுமண் பொம்மைகளையும் ஆசிரமத்தின் கைவினைக் காகிதத்தையும் வாங்கு, இரண்டும் அந்த ஊரிலேயே செய்யப்படுபவை.

மழைக்காலம், ஆளுக்கொரு குடை எடுத்து வாருங்கள். அம்மா இரண்டு பிரெஞ்சு நீள ரொட்டி கேட்டிருக்கிறாள். மாலைக்குள் தீர்ந்துவிடும், காலையிலேயே வாங்கி வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா