2024–25 ஆண்டறிக்கை: பாடியவர்கள், எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் நினைவாக

தலைவர் அவர்களுக்கும், பெரியோர்களுக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். பாம்பனில் இயங்கும் நம் இசை ரசிகர் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நினைவு நிகழ்ச்சிகள்

நம் நாட்காட்டியில் ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை நெருக்கடிதான். 2013 ஒரே ஆண்டில் ஏப்ரல் 14இல் பாடகர் பி. பி. ஸ்ரீனிவாஸ், 17இல் இசையமைப்பாளர் டி. கே. ராமமூர்த்தி, மே 25இல் டி. எம். சௌந்தரராஜன், ஜூலை 18இல் வாலி என்று நான்கு பேர் போனார்கள். 2015இல் ஏப்ரல் 8 நாகூர் ஹனிபா, ஜூலை 14 எம். எஸ். விஸ்வநாதன். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் நாற்காலி போடவும் ஆள் இருக்கும், உட்காரவும் ஆள் இருக்கும்.

ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் நினைவு நாள் இந்த முறை நோன்புக்குள் வந்தது. தராவீஹ் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து சேர இரவு 10 ஆகிவிடும். 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை. அதனால் பெருநாள் கழித்து ஏப்ரல் 14, ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். அன்று பி. பி. ஸ்ரீனிவாஸ் நினைவு நாளும் ஆனதால் இரண்டையும் சேர்த்தே நடத்தினோம். ஐந்து நாளில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. நடத்தை விதி நடப்பில் இருந்ததால், பாடல் பட்டியலை முன்கூட்டியே காவல் நிலையத்தில் கொடுத்து, ஹனிபா பாடிய கட்சிப் பாடல்களை விட்டுவிட்டு இஸ்லாமியப் பாடல்களை மட்டும் ஒலிக்கவிட்டோம். பாதி ஹனிபாதான் கேட்டது என்று உறுப்பினர்கள் குறைப்பட்டது நியாயம். விட்டுப்போனவற்றைத் தேர்தல் இல்லாத ஆண்டில் முழுதாகப் போட வேண்டும்.

மே 25, டி.எம்.எஸ். நாள் நிகழ்ச்சியில் மேடை அமைப்பை மாற்றினோம். முன்பு பின்னணிக்கு ஃப்ளெக்ஸ் கட்டுவோம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அது பாய் விரித்த வள்ளம் மாதிரி புடைத்து, கட்டிய கம்பத்தையே சாய்த்துவிடும். ஓட்டை போட்டுப் பார்த்தும் பலனில்லை. ஓட்டை போட்ட இடத்திலிருந்து கிழிகிறது. இந்த முறை கழித்துப்போட்ட பழைய வலையை இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, தெர்மாகோல் எழுத்துகளை நைலான் கயிற்றால் வலைக் கண்ணிலேயே முடிந்துவிட்டோம். காற்று வலைக்குள் புகுந்து போய்விட்டது. எழுத்து ஒன்றுகூட விழவில்லை. மேடையின் முதுகு தென்மேற்குப் பக்கம் இருக்க வேண்டும். அப்போது பாடுபவரின் உடம்பே மைக்குக்கு மறைப்பு. காற்றும் சத்தத்தைக் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோகும். எதிர்ப்பக்கம் போட்டால் மைக்குக்கு எத்தனை ஸ்பாஞ்சு மாட்டினாலும் புஸ்ஸென்ற இரைச்சல் போகாது.

பாடியவர்களுக்கு ஒரு குறிப்பு. டி.எம்.எஸ். பாடலை அவர் பாடிய சுருதியிலேயே எடுத்து, சரணத்தில் மூச்சு முட்டி நிற்பது வருடா வருடம் நடக்கிறது. ஒத்திகையிலேயே அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்ளுங்கள். கரோக்கி டிராக்கில் பாடுகிறவர்கள் கீபோர்டோடு சேர்ந்து வராமல் தவிப்பதற்கும் காரணம் உண்டு. மூல இசைத்தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டிப் பதிந்திருந்தால், சுருதி இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கோ போய் நின்றுவிடும். கணினியில் வேகத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கீபோர்டுகாரரைக் கூப்பிட வேண்டும்.

ஜூன் 24 கண்ணதாசனுக்கும் (1927) எம். எஸ். விஸ்வநாதனுக்கும் (1928) பிறந்த நாள். அது இந்த ஆண்டு திங்கட்கிழமை. தடை நீங்கிப் படகு இறங்கிய சமயம் என்பதால் முதல் நாள் ஞாயிறே நடத்தினோம். ஜூலையில் எம்.எஸ்.வி., வாலி நினைவு, செப்டம்பர் 25இல் எஸ். பி. பாலசுப்ரமணியம் நினைவு ஆகியவை வழக்கம்போல் நடந்தன. பாம்பனுக்கு ரயில் வராத ஆண்டு என்பதால் மெல்லிசைக் குழுவின் வாத்தியங்கள் எல்லாம் வேனில்தான் வந்தன. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்துவிட்டது; வரும் ஆண்டில் அந்தச் செலவு குறையும்.

அக்டோபரில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (8), கண்ணதாசன் (17) இருவருக்கும் சேர்த்து, மழைக்குப் பயந்து கூடத்துக்குள்ளேயே வாசிப்பு நடத்தினோம். பட்டுக்கோட்டையார் வரிகளை மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தது ஏன், கண்ணதாசனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார்கள். எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. பட்டுக்கோட்டையார் 1959இல் தமது 29ஆம் வயதில் இறந்தார். அவர் வரிகளுக்கான உரிமைக்காலம் 2019 முடிவோடு தீர்ந்தது. கண்ணதாசன் 1981, 2041 வரை பொறுக்க வேண்டும். மேடையில் பாடுவது வேறு கணக்கு. கட்டணம் வாங்காத அவைக்கு முன் அமெச்சூர் சங்கம் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. அதனால்தான் நன்கொடைச் சீட்டு போடலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை.

2025 ஜனவரி 9இல் பி. ஜெயச்சந்திரன் மறைந்தார். பொங்கல் வேலைக்கு நடுவே எளிய அஞ்சலிக் கூட்டம்தான் நடத்த முடிந்தது. அஞ்சலிக்கென்று உறுப்பினர்கள் கொண்டு வந்த பாடல்களிலேயே ஜேசுதாஸ் பாடியவை கலந்திருந்தன. இருவர் குரலையும் மாற்றிச் சொல்வது இங்கே பழகிப்போன தவறு.

பெயர் பிழை

இதே வகைப் பிழை பாடலாசிரியர்களுக்கு இன்னும் அதிகம். நம் கடற்கரையில் கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் ஒலிக்கிற ‘படகோட்டி’ (1964) பாடல்களைக் கண்ணதாசன் எழுதியதாக அறிவிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் படத்தின் பாடல்கள் அத்தனையும் வாலி, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. தத்துவம் என்றால் கண்ணதாசன் என்று பழகிவிட்ட நாக்கு அது. மருதகாசிக்கும் உடுமலை நாராயண கவிக்கும் சேர வேண்டிய பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது. இனி நம் மேடையில் பாடல் ஒவ்வொன்றுக்கும் படம், ஆண்டு, எழுதியவர், இசை, பாடியவர் ஆகிய ஐந்தும் எழுதிய அட்டை அறிவிப்பாளர் கையில் இருக்கும். அட்டை இல்லாத பாட்டுக்கு மைக் கிடையாது.

ஒலிப்பேழை வேலை

இந்த ஆண்டில் அதிக நேரம் வாங்கியது, பழைய கேசட்டுகளைக் கணினியில் பதிந்து வைக்கும் இந்த வேலைதான். உறுப்பினர் வீடுகளில் கிடக்கும் கேசட்டுகளில் பலவும் கடையில் வாங்கியவை அல்ல. இலங்கை வானொலியிலிருந்து வீட்டில் பதிந்தவை. நடுவே கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் குரல் வரும். அதை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். வெட்ட மாட்டோம். பாட்டு வேறெங்காவது கிடைக்கும், அந்தக் குரல் கிடைக்காது. போதாக்குறைக்கு, எழுதியவர் யார், இசை யார் என்பதை அந்தக் குரலே சொல்லிவிடுகிறது.

உப்புக்காற்று கேசட்டில் முதலில் பிடிப்பது நாடாவை அல்ல. நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டுக்கு எதிரே நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டையின் பசை விட்டுப்போகும். பாட்டு மந்தமாகி, ‘ஸ’, ‘ச’ ஓசைகள் மறைந்து மறைந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டையை. ஐந்து திருகு உள்ள கூடென்றால் திறந்து மாற்றலாம். ஒட்டிய கூடென்றால் ஓரத்தில் பிளேடு விட்டுப் பிளந்து, இரண்டு சுருளையும் அப்படியே வேறு திருகுக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கேசட் ஓட்டும் டெக்கில் போடவே கூடாது. அடுத்து போடுகிற கேசட்டுக்கெல்லாம் அது பரவும். வெளியில் வைத்து, முகக்கவசம் போட்டு, மெல்லிய துணியால் துடைத்த பிறகே உள்ளே வர வேண்டும். பல ஆண்டு ஓடாத நாடாவை நேராகப் பிளே அழுத்தாதீர்கள். ஒரு தடவை கடைசி வரை முன்னே ஓட்டி, திரும்பப் பின்னே ஓட்டினால் இறுகிய சுற்று தளரும்.

டெக்கின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். நாடாவை இழுத்து ஓட்டும் ரப்பர் பிஞ்ச் ரோலரை அதால் துடைத்துத் துடைத்துத்தான் முந்தைய டெக்கின் ரோலர் வெடித்தது. அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். அடுத்தது ஹெட்டின் சாய்வு. வீட்டில் பதிந்த கேசட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு டெக்கில் பதிந்தது. ஹெட்டின் பக்கத்துத் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இடது, வலது ஒலி இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டு, சத்தம் எங்கே பளிச்சென்று ஆகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் பதிந்துவிட்டுப் பிறகு கணினியில் டிரிபிள் (மேல் ஓசை) கூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு சுமார் 1 ஜிபி. உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். டெக்கையும் லேப்டாப்பையும் வேறு வேறு பிளக்கில் செருகினால் ஊம் என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறுகிறது. இரண்டும் ஒரே பலகையில் செருகினால் போய்விடும். எர்த் பின்னை உடைத்து அதை நிறுத்துகிற வித்தை வேண்டவே வேண்டாம். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் ஓட்டாதீர்கள். கூடிப்போனால் பாடுகிறவர் தண்ணீருக்கடியில் பாடுவது போலாகும். பிரதிகள் மூன்று: இரண்டு இங்கே, ஒன்று உப்புக்காற்று எட்டாத பரமக்குடியில்.

இசைத்தட்டுகளில் ஒரு நஷ்டம். நன்கொடையாக வந்த 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஒன்றை நல்லெண்ணத்தில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டார்கள். பிற்காலத்து பிளாஸ்டிக் தட்டான எல்பி அதைத் தாங்கும்; 78 தட்டு அரக்கு. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். துடைத்த துணியில் கறுப்பு வந்ததை அழுக்கு என்று நினைத்து மேலும் தேய்த்திருக்கிறார்கள். அரக்குத் தட்டுக்குக் குளிர்ந்த ஆர்ஓ தண்ணீரில் இரண்டு சொட்டு லேசான சோப்பு, மெல்லிய பிரஷ், கோட்டின் போக்கிலேயே துடைப்பு, லேபிளில் ஈரம் படாமல் நிழலில் நிறுத்திக் காயவைப்பது, அவ்வளவே. ஊசியும் வேறு. 78க்கு சுமார் 76 மைக்ரான், எல்பிக்கு 18. எல்பி ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையை வருடும்.

78 தட்டின் வேகம் சரிபார்க்க 77 கோடுகள் போட்ட வட்டத்தாள் அச்சிட்டு வைத்திருக்கிறோம். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். கோடுகள் அசையாமல் நின்றால் தட்டு நிமிடத்துக்கு 77.92 சுற்று ஓடுகிறது என்று அர்த்தம். எல்இடி விளக்கில் பெரும்பாலும் இது தெரியாது. பழைய குண்டு பல்பு ஒன்றையோ, நியான் விளக்கையோ பிடிக்க வேண்டும்.

இவற்றை வைத்திருக்கும் பீரோவின் அடித்தகடு துருப்பிடித்துவிட்டது. மரக்கட்டை மேல் ஏற்றி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்திருக்கிறோம். பாச்சை உருண்டை போடாதீர்கள். அந்த ஆவியில் கேசட் டப்பா இளகி ஒட்டும். நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் கனமான கடாயில் இளந்தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அதில் கோபால்ட் இருப்பதால் அந்தக் கடாயைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தனிக் கடாய் வாங்கிய செலவு கணக்கில் இருக்கிறது; யாரும் கேள்வி எழுப்ப வேண்டாம்.

அடுத்த சுற்றுக்குக் கேசட் தருகிறவர்கள் டப்பாவுக்குள் இருக்கும் அட்டையோடு தாருங்கள். அட்டையில் கையால் எழுதிய தேதி, பாட்டுப் பெயர் எதையும் அழிக்க வேண்டாம். மழைக்காலத்தில் கொண்டு வந்தால் ஒரு நாள் பையில் சிலிக்காவோடு வைத்த பிறகே ஓட்டுவோம். அன்றே வேண்டும் என்று நிற்காதீர்கள்.

செயலாளர்