தோட்டத்துப் புள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா யாருகிட்ட போறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இலவச மருத்துவத்துல இலங்கை மத்த நாடுகளுக்கே முன்மாதிரின்னு டீவியிலயும் பேப்பர்லயும் அடிக்கடி சொல்றாங்க. அது பொய்யின்னு சொல்ல நான் வரல, ஆனா அது நாடு முழுசுக்கும் சேத்து போட்ட கணக்கு, எங்க மலையகத்து புள்ளைகள தனியா பிரிச்சு பாத்தா கதையே வேற. நான் அட்டன் பக்கம் த்ரீவீல் ஓட்டுறவன். பொறந்து வளந்தது தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிகளுக்கு வரிசையா கட்டின வீட்டுல, அம்மா கொழுந்து எடுத்தவங்க. பெரிய படிப்பெல்லாம் இல்ல, ஆனா ராத்திரியில சொகமில்லாத புள்ளைய தூக்கிக்கிட்டு ஓடுற குடும்பங்கள ஏத்திக்கிட்டு போறது என்னைய மாதிரி ஆளுங்கதான், அதனாலதான் எழுதுறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். தடுப்பூசி விஷயத்துல தோட்டத்து புள்ளைகளுக்கு பெருசா குறை இல்ல. மிட்வைஃப் மிஸ் வர்றாங்க, தாய்மார் வேலைக்கு போகும்போது புள்ளைகள விட்டுட்டு போற புள்ளைமடுவத்துல நிறை பாக்குறாங்க, கார்ட்ல பதியுறாங்க, ஒரு தாய் வராட்டி லயத்துக்கே ஆள் அனுப்பி கூப்பிடுறாங்க. ஏன் இது மட்டும் சரியா நடக்குதுன்னா ஊசி புள்ளைய தேடி வருது. நோவு வந்தா புள்ளதான் டாக்டர தேடி போகணும், எல்லாம் சிக்குறது அங்கதான்.

எப்படின்னு கேளுங்க. காலையில புள்ளைக்கு மேலு சுடுதுன்னு வைங்க. தாய் பெரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துக்கு, போகாம புள்ளைய தூக்கிக்கிட்டு போனா அன்னைக்கு பேரு இல்ல, பேரு இல்லன்னா அன்னைக்கு சம்பளமும் இல்ல, பாதியில போனா அரைப்பேரு. 2024ல ஒரு நாள் அடிப்படை சம்பளம் 1350 ரூபான்னு வர்த்தமானி போட்டாங்க, பிறகு கொஞ்சம் கூடியிருந்தாலும் அத நம்பித்தான் வீட்டு அடுப்பு எரியுது. அதனால பெனடோல் சிரப்ப குடுத்து ஆத்தாகிட்ட விட்டுட்டு மலைக்கு போயிடுறாங்க, நாலு மணிக்கு மேல வந்து பாத்தா காய்ச்சல் கூடியிருக்கும், அதுக்குள்ள டிஸ்பென்சரிய பூட்டியிருப்பாங்க. அங்க இருக்குறவரும் எம்பிபிஎஸ் டாக்டர் இல்ல, தோட்ட மருத்துவ உதவியாளர். அவர குறை சொல்லல, சில தோட்டங்கள்ல ஒரே ஆளு ரெண்டு மூணு தோட்டத்த பாக்குறாரு. மருந்த குடுத்து நாளைக்கு வாங்கன்னு சொல்றத விட அவரால என்ன செய்ய முடியும்?

பிறகு ராத்திரி பத்து பதினொரு மணிக்கு எனக்கு போன் வரும். மலை உச்சியில இருக்குற தோட்டப் பிரிவான மேல் டிவிஷன்ல இருந்து போக வர மூவாயிரம் நாலாயிரத்துக்கு குறைஞ்சு யாரும் வரமாட்டான், நானும்தான், அந்த ரோட்டுல ஒரு தடவ ஏறி எறங்கினா ஷொக் எப்சோபர் போயிடும். 1990 நம்பருக்கு அடிச்சா வர்ற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் இருக்குதேன்னு கேப்பீங்க. நல்ல சேவை, இந்தியா உதவியில 2016ல தொடங்கி இப்ப நாடு பூரா ஓடுது. ஆனா லயத்து வாசல் வரைக்கும் ரோடு இல்லாத எடத்துல அவங்க மெயின் ரோட்டுல நிக்க வேண்டியதுதான், மழையில புள்ளைய கம்பளியில சுத்திக்கிட்டு படி எறங்கி வரணும். 2025 நவம்பர் டித்வா புயலுக்கு பிறகு மண்சரிவுல இருந்த பாதையும் போன எடங்கள் இருக்கு, அத தனியா எழுதணும்.

ரோடு ஏன் இல்லங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1987ல வந்த பிரதேச சபை சட்டத்துல தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்கறதுக்கு தடை இருந்துச்சு. பக்கத்து சிங்கள கிராமத்துக்கு சபை கொங்ரீட் போடும், லயத்துக்கு போடாது, நம்ம ஆளுங்க ஓட்டு மட்டும் போடலாம். 2018லதான் அத திருத்துனாங்க. மருத்துவமும் இதே மாதிரிதான், 1912ல வெள்ளைக்காரன் மருத்துவத் தேவைகள் சட்டம்னு ஒன்னு கொண்டுவந்து தோட்டத்து சனத்தோட சொகத்த தோட்டக்காரன் பொறுப்புல விட்டான், 1948ல பிரஜாவுரிமையும் போச்சு. பிறகு தோட்டத்த அரசாங்கம் எடுத்து, 1992ல திரும்ப கம்பெனிகளுக்கு குடுத்து, 1990கள்ல இருந்து தோட்ட ஆஸ்பத்திரிகள பொறுப்பெடுக்கறோம்னு சொல்லி சிலத எடுத்தாங்க. மத்தது இன்னும் கம்பெனி, தோட்ட மக்கள் நலத்த பாக்குற டிரஸ்ட், அமைச்சுன்னு மூணு பேருக்கு நடுவுல கெடக்கு, கேட்டா ஆளுக்கு ஆள் கை காட்டுறாங்க.

சரி, எப்படியோ ஆஸ்பத்திரிக்கு போயிட்டோம்னு வைங்க. ஒரு ராத்திரி நான் கண்ணால பாத்தது, எந்த ஆஸ்பத்திரின்னு எழுதல. ரெண்டு வயசு இருக்கும் அந்த புள்ளைக்கு, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ள போகுது, ஒதடு காஞ்சு வெடிச்சிருக்கு. பதியுற எடத்துல இருந்தவங்க சிங்களத்துல கேக்குறாங்க, எத்தனை நாளா காய்ச்சல், எத்தனை தரம் வாந்தி, கடைசியா எப்ப மூத்திரம் போனிச்சின்னு. அந்த பொண்ணுக்கு சந்தையில சாமான் வாங்குற அளவு சிங்களம் தெரியும், பயத்துல அதுவும் வரல, "உண, உண"ன்னு காய்ச்சல மட்டும் திரும்ப திரும்ப சொல்லுது. நான் உள்ள போய் நின்னு சொன்ன பிறகுதான் மூணு நாளா காய்ச்சல், மத்தியானத்துல இருந்து மூத்திரமே போகலங்கறது அட்டையில ஏறுச்சு. அதுக்கு பிறகு அவங்க ஓடின ஓட்டத்தையும் சொல்லணும், ஒரு நிமிஷம் நிக்கல, ஒக்சிஜன் போட்டு, விடியறதுக்குள்ள பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. புள்ள பிழைச்சிருச்சு. ஆனா ஒரு த்ரீவீல்காரன் மொழிபெயர்த்துத்தான் ஒரு புள்ளைக்கு வைத்தியம் நடக்கணுமா? தமிழும் அரச மொழின்னு 1987லயே அரசியலமைப்போட 13ஆவது திருத்தத்துல எழுதியாச்சு. தமிழ் கத்துக்கிட்டு தாய்மார்கிட்ட பொறுமையா பேசுற சிங்கள டாக்டர்மார் இருக்காங்க, அவங்கள கையெடுத்து கும்பிடுறேன், ஆனா அது அவங்க நல்ல மனசு, வார்ட்ல அந்த டாக்டர் இல்லாத ராத்திரிக்கு என்ன ஏற்பாடு?

சில பேர் சொல்றாங்க தோட்டத்து தாய்மாருக்கு விவரம் பத்தாது, அதனாலதான் புள்ளைகள லேட்டா கொண்டு வர்றாங்கன்னு. எனக்கு கோவம் வர்ற பேச்சு இது. விவரம் இல்லாத தாய்தான் ஊசி தேதிய மறக்காம புள்ளைய கூட்டிக்கிட்டு போறாளா? பேரு போகாம, கையில வாகனக் காசோட, பேசற பாஷையில ஒரு ஆளு இருந்தா எந்த தாயும் மூணு நாள் காத்திருக்க மாட்டா. 2016 சனத்தொகை சுகாதார ஆய்வுல அஞ்சு வயசுக்கு கீழ வயசுக்கேத்த உயரம் இல்லாத புள்ளைக நாடு முழுசுக்கும் 17.3 வீதம், தோட்டத்துறையில 31.7 வீதம். அப்படி இளைச்ச உடம்புல நிமோனியா வந்தா மூணு நாள் தாங்குமா? அந்த அறிக்கையிலயும் "தோட்டத்துறை"ன்னுதான் இருக்கு, யாரு புள்ளைகன்னு படிக்கறவன்தான் புரிஞ்சிக்கணும்.

புதுசா கட்டடம் திறக்கறதுல மட்டும் குறை இல்ல. டிக்கோயா கிளங்கன்ல இந்தியா உதவியில 150 கட்டில் ஆஸ்பத்திரி, 2017 மே மாசம் மோடியே வந்து திறந்தாரு, நானும் கூட்டத்துல நின்னேன். பிரயோசனம் இல்லன்னு சொல்ல மாட்டேன், எங்க பக்கத்துக்கு பெரிய உதவி. ஆனா மேல் டிவிஷன் லயத்துல இருந்து அந்த கேட்டுக்கு வர்ற வழிக்கு எந்த மந்திரியும் ரிப்பன் வெட்டுறதில்ல.

புள்ளைக்கு சொகமில்லன்னு டிஸ்பென்சரியில எழுதிக் குடுத்த துண்டு இருந்தா தாய்க்கு அன்னைக்கு பேரு போடணும், இத அடுத்த சம்பளப் பேச்சுல தொழிற்சங்க தலைவர்மார் கேக்கட்டும், எப்பவும் ரூபா கணக்கு மட்டும் பேசாம. ராத்திரிக்கு ஒரு நர்சாவது, இல்லாட்டி அவசரத்துக்கு ஓட தோட்டத்து வாகனமாவது இருக்கணும், தோட்டத்து மேனேஜர் துரை பங்களாவுல ரெண்டு வாகனம் சும்மாதானே நிக்குது. புள்ளைக வார்ட்லயும் பதியுற எடத்துலயும் இருபத்திநாலு மணித்தியாலமும் தமிழ் பேசுற ஒருத்தர் வேணும், ஓஎல் ஏஎல் படிச்சு சிங்களமும் தெரிஞ்ச எங்க புள்ளைக வேலை இல்லாம கொழும்புல கடைகள்ல நிக்குறாங்க, அவங்கள எடுக்கலாம்.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள். நுவரெலியா மாவட்டத்துல எந்தெந்த தோட்டத்து டிஸ்பென்சரி ராத்திரியில தொறந்திருக்கு, எதுல யாரு வேலை செய்யறாங்க, எது அரசாங்கத்துது எது கம்பெனியோடதுன்னு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கிட்ட உங்க நிருபர அனுப்பி கேட்டு பேப்பர்ல போடுங்க. எங்க ஸ்டாண்ட்ல வெட்டி ஒட்டி வைக்கிறோம், ராத்திரி போன் வந்தா எங்க கொண்டு போறதுன்னாவது தெரியும்.

இப்படிக்கு,
ஒரு த்ரீவீல் சாரதி,
அட்டன்.